மாதம் எண்பத்தாறு ரூபாய் நாற்பது பைசா

மாட்டுங்காவில் மூன்றாவது மாடியில் குடியிருக்கும் பஞ்சு என்கிற பஞ்சாபகேசனைப் பற்றி ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த நாட்டில் உள்ள எல்லா வங்கிகளும் திருட்டு வங்கிகள் என்பதை அவர் கண்டுபிடித்து இருபத்தாறு வருஷம் ஆகிறது. வாய்ப்பேச்சுக்குச் சொல்கிறவர் அல்ல. எந்த வங்கி யாரிடம் மாதம் எத்தனை ரூபாய் எத்தனை பைசா திருடுகிறது என்று தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறார். அந்த நோட்டுகளே ஏழு இருக்கின்றன.

கண்டுபிடிக்க உதவியது ஒரு கால்குலேட்டர். கறிகாய்க் கடையில் கிடக்கிற ரகம் என்று நினைத்துவிடக் கூடாது. வட்டியும் தவணையும் போடுவதற்கென்றே அமெரிக்கக் கம்பெனி ஒன்று செய்து விற்றது. நெற்றியில் தங்க நிறத் தகடு, உள்ளங்கை அகலம், நல்ல கனம். அதில் சமக்குறி பட்டனே கிடையாது. இரண்டும் இரண்டும் எவ்வளவு என்று கேட்கவேண்டுமானால் முதலில் இரண்டு, அப்புறம் என்ட்டர், மறுபடி இரண்டு, கடைசியில் கூட்டல் என்று அழுத்த வேண்டும். தெரியாதவன் முழிப்பான். அப்படி முழிக்கிறவர்களைப் பார்ப்பதில் பஞ்சுவுக்குத் தனி ருசி. வீட்டுக்கு யார் வந்தாலும் "ரெண்டையும் ரெண்டையும் கூட்டிக் காட்டுங்கோ பார்ப்போம்" என்று நீட்டுவார். காப்பி அதற்கப்புறம்தான் வரும்.

அது அவர் கைக்கு வந்தது ஃபோர்ட் ஏரியாவில் ஒரு லீசிங் கம்பெனியில் வேலை பார்த்தபோது. லேத் மெஷின், ஜெராக்ஸ் மெஷின் என்று வாங்கித் தொழில்காரர்களுக்குத் தவணைக்கு விடுகிற கம்பெனி. மெஷினை இறக்குகிற அன்றைக்கே முதல் தவணையை வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். சேர்ந்த முதல் நாள் மேலதிகாரி கால்குலேட்டரைச் சரிசெய்து கொடுத்து ஐந்து பட்டன்களைக் காட்டினார். அந்த ஐந்து பட்டன்களோடு பஞ்சு பதினோரு வருஷம் ஓட்டினார். கூடவே வந்த தடிமனான கையேட்டை அவர் திறந்ததே இல்லை. ஒன்றும் தெரியாதவர்களுக்குத்தான் கையேடு என்பது அவர் கட்சி.

தொண்ணூற்றேழில் கம்பெனி படுத்தது. ஆளுக்கொன்றாகத் தூக்கிக்கொண்டு போனார்கள். மேனேஜர் ஏசியை, டைப்பிஸ்ட் சுழல் நாற்காலியை, பஞ்சு கால்குலேட்டரை. கையேட்டைப் பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார். அதன்பிறகு வாஷியில் ஒரு சின்ன ஆபீஸில் கணக்கு எழுதி ரிட்டயர் ஆனார்.

கம்பெனி படுத்த அந்த வருஷம் முதல் சரஸ்வதி பூஜையில் புஸ்தகங்களுக்கு மேல் கால்குலேட்டர்தான். சந்தனத்தைக் குழைத்து, திரையின் அடிவிளிம்பில் நட்டநடுவில் பஞ்சுவே தம் கையால் பொட்டு வைப்பார், அதன்மேல் குங்குமம். மறுநாள் துடைக்கக் கூடாது, ஈரம் உள்ளே போனால் மெஷின் கெட்டுப்போகும். அடுத்த வருஷம் அதன்மேலேயே புதுப் பொட்டு. வருஷத்துக்கு ஒரு படலமாக ஏறி, திரையின் அடி ஓரம் முழுக்கச் செக்கச்செவேலென்று அப்பிக் காய்ந்துவிட்டது. எண்கள் தெரிந்தன, அவருக்கு அது போதும்.

பேட்டரி மாற்றுவது அந்த வீட்டில் ஒரு ஆபரேஷன். நாள்பட நின்றால் மெஷின் தனக்குள் வைத்திருப்பதெல்லாம் மறந்துபோகுமாம். ஆகையால் புதுப் பொத்தான் பேட்டரிகளை மனைவி ருக்கு ஒரு தட்டில் ஏந்தி நிற்க, பஞ்சு மூச்சைப் பிடித்துக்கொண்டு பத்து எண்ணுவதற்குள் மாற்றி மூடிவிடுவார். "ஒரு செட்டிங்கூட மாறலை. ஆபீஸ்ல எப்படி இருந்துதோ அப்படியே இருக்கு" என்பார் பெருமையாக. அது நூற்றுக்கு நூறு உண்மை. அவர் வாழ்க்கையில் சொன்னவற்றிலேயே ஆகப்பெரிய உண்மை அதுதான், அது அவருக்குத்தான் தெரியாது.

தொண்ணூற்றெட்டில் செம்பூரில் ஒரு ஃபிளாட் விலைக்கு வந்தது. ருக்குவின் தங்கை ஷ்யாமளா இருக்கும் அதே கட்டடம், இரண்டாவது மாடி, லிஃப்ட் உண்டு, நாள் முழுக்கத் தண்ணீர். மாட்டுங்கா வீடு பகடி வீடு, முன்னால் ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் காலத்துக்கும் குடியிருக்கிற ரகம். வாடகை கொசுறுதான், ஆனால் இரண்டே அறை, அறுபத்திரண்டு படி, காலையில் ஒன்றரை மணி நேரம் மட்டும் குழாயில் தண்ணீர். ருக்கு செம்பூர் வீட்டை மூன்று தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். ஸ்வாமி அலமாரி எந்த மூலையில் என்பதுவரை முடிவு செய்துவிட்டாள்.

சேமிப்பு போக ஐந்து லட்சம் கடன் வேண்டும். பதினைந்து வருஷம், பதினைந்து சதவீதம். வங்கி கடனை அனுமதித்துக் கடிதமும் அனுப்பியது: மாதத் தவணை 6,997 ரூபாய் 94 பைசா. பஞ்சு கால்குலேட்டரை எடுத்துத் தட்டினார். 6,911 ரூபாய் 54 பைசா என்றது. இன்னொரு தடவை தட்டினார். அதே 6,911.54.

"மாசம் எண்பத்தாறு ரூபா நாப்பது பைசா அடிக்கறான்டி!" என்று கத்தினார்.

"எண்பத்தாறு ரூபா தானேன்னா. நான் பாலைக் குறைச்சுக்கறேன்."

"பாலா இப்போ கேள்வி? திருடன்னு தெரிஞ்சு அவன்கிட்ட கையெழுத்துப் போடச் சொல்றியா?"

வங்கிக்குப் போய்ச் சண்டை போட்டார். மேனேஜர் தம் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார், 6,997.94. அடுத்த வங்கிக்குப் போனார். அங்கேயும் அந்த வட்டிக்கு 6,997.94. மூன்றாவது, நாலாவது. நாலு பேர் ஒரே பதிலைச் சொன்னால் சாதாரண மனுஷனுக்குத் தன் மேல் ஒரு சந்தேகம் வரும். பஞ்சுவுக்கு நாட்டின் மேல் வந்தது. எல்லாரும் கூட்டு என்று முடிவு கட்டி முதல் நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தார். அவர் எழுதிக்கொண்டிருக்கும்போதே செம்பூர் ஃபிளாட்டை வேறு யாரோ வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். ருக்கு அந்த வங்கிக் கடிதத்தை இரும்பு பீரோவில் தன் கூறைப்புடவைக்கு அடியில் வைத்தாள். அழுதாளா என்று பஞ்சுவுக்கு ஞாபகமில்லை, அவர் அப்போது கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்.

அதன்பிறகு மாட்டுங்காவில் யார் கடன் வாங்கினாலும் பஞ்சுவைக் கேட்காமல் வாங்குவதில்லை என்ற நிலை வந்தது. கேட்டவர்கள் எல்லாருக்கும் ஒரே தீர்ப்புதான். திருட்டு, வாங்காதே. கட்டடத்தின் வாசலில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் இசக்கிப்பாண்டி, ஆண்டாப் ஹில்லிலிருந்து வருகிறவன், பதிமூன்று வருஷத்துக்கு முன்னால் டாக்ஸி வாங்க மூன்று லட்சம் கடனுக்குப் பேப்பர்களோடு வந்தான். "மாசம் அறுபத்தாறு ரூபா ஏழு பைசா உன்கிட்ட அடிக்கறான்" என்றார் பஞ்சு. "சார் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று பேப்பர்களை மடித்து வைத்துக்கொண்டு போனான். அவனோடு சேர்ந்து விண்ணப்பம் போட்ட அவன் மச்சினன் யாரையும் கேட்காமல் கடனை வாங்கினான், இன்றைக்கு இரண்டு டாக்ஸி விடுகிறான். இசக்கிப்பாண்டி இன்னும் பஞ்சுவின் சட்டைகளைத்தான் தேய்த்துக்கொண்டிருக்கிறான், அதுவும் மரியாதையோடு.

தாராவியில் தோல் பை பட்டறை வைத்திருக்கும் ஷேக் பரீத் வேறு ஜாதி. கால்குலேட்டருக்கு அழகான தோல் உறை தைத்துக் கொடுத்தது அவர்தான். ஒவ்வொரு தடவையும் கடன் வாங்குமுன் வருவார், முழுக்கக் கேட்பார்.

"நீங்க சொல்லுதது சரிதான் சார். மாசம் நூத்திப்பத்து ரூவா கொள்ளைதான் அடிக்கான். ஆனா மெசினு வராட்டா ஆர்டர் கைய விட்டுப் போயிரும்லா" என்பார். அப்புறம் நேராகப் போய்க் கடனை வாங்கிக்கொள்வார். இப்போது அவர் பட்டறையில் ஆறு மெஷின் ஓடுகிறது. பஞ்சு அவரைப் பற்றிப் பேசும்போதெல்லாம் "பாவம், விவரம் போதாது" என்பார்.

இனி இந்த வருஷத்துக் கதை. மகன் மாதவும் மருமகள் ஸ்மிதாவும் ஐரோலியில் வாடகைக்கு இருக்கிறார்கள். இரண்டு பேருக்கும் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. செம்பூரில், ஷ்யாமளா இருக்கும் அதே தெருவில், புதிதாக எழும்பிய கட்டடத்தில் ஒரு ஃபிளாட்டுக்கு டோக்கன் அட்வான்ஸாக இரண்டு லட்சம் கட்டிவிட்டார்கள். இரண்டு லிஃப்ட். மூன்று படுக்கையறை, அதில் ஒன்று அப்பா அம்மாவுக்கு. தொண்ணூறு லட்சம் கடன், மாதத் தவணை 78,104 ரூபாய் என்று வங்கி சொல்லிவிட்டது. கைப்பணத்தில் இருபது லட்சம் குறைந்தது. அந்த இருபது லட்சம் பஞ்சுவின் பெயரில் டெபாசிட்டில் இருந்தது. அதை உடைக்க அவர் கையெழுத்து வேண்டும்.

ருக்குவுக்கு இப்போது அறுபத்தாறு வயது. இரண்டு முழங்காலும் போயாயிற்று. காய் வாங்க இறங்கினால் ஏறி வர இருபது நிமிஷம் ஆகிறது. டாக்டர் படி ஏறக் கூடாது என்று எழுதிக் கொடுத்த சீட்டோடுதான் அந்தப் படிகளை ஏறி வந்தாள். செம்பூர் என்ற பேச்சை அவள் இருபத்தாறு வருஷமாக எடுத்ததில்லை. மாதவ் ஃபிளாட்டின் படத்தைப் போனில் காட்டியபோது, "அடுக்களை எங்கே?" என்று மட்டும் கேட்டாள்.

மாமனாரின் மனசைக் கரைக்க ஸ்மிதா ஒரு யோசனை செய்தாள். அந்தக் கால்குலேட்டரின் புதிய பதிப்பு கடைக்கு வந்திருந்தது. அதே தங்கத் தகடு, அதே பட்டன்கள், அதே அளவு, உள்ளே மட்டும் புதிது. அவருடைய எழுபத்தொன்றாவது பிறந்தநாளுக்கு அதை வாங்கி வந்து நமஸ்காரம் பண்ணிக் கொடுத்தாள். நல்ல பெண், பாவம், அவள் எண்ணெயைக் கொண்டுபோய் எங்கே ஊற்றுகிறாள் என்று அவளுக்குத் தெரியாது.

பஞ்சு இரண்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். புது நோட்டு ஒன்றை எடுத்து நடுவில் கோடு கிழித்து, ஒரு பக்கம் பழையது, மறுபக்கம் புதியது என்று எழுதினார். ஒப்பிடும் வேலை மூன்று நாள் நடந்தது. சமையல் தராசில் நிறுத்தார், பழையது கொஞ்சம் கூட. பழையதுக்கு ஒரு பாராட்டு. பட்டன் சத்தம்: பழையது டக் என்றது, புதியது டப் என்றது. பழையதுக்கு இன்னொன்று. வட்டி வீதத்தைக் கேட்டால் பழையது பத்து நொடி திரையைச் சிமிட்டிவிட்டுத்தான் சொல்லும். புதியது கையை எடுப்பதற்குள் சொல்லிவிட்டது.

"பார்த்தியா, யோசிக்கறதே இல்லை. யோசிக்காம பேசறவன் பேச்சை யார் நம்புவா?" என்றார்.

"மெஷின் எதுக்குன்னா யோசிக்கணும்?" என்றாள் ருக்கு.

கூட்டல், பெருக்கல், சதவீதம், கல்யாண நாளிலிருந்து இன்றுவரை எத்தனை நாள், எல்லாவற்றிலும் இரண்டும் ஒன்றையே சொல்லின. பஞ்சுவுக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். மூன்றாம் நாள் மாதவின் கடனைப் போட்டார். பழையது 77,554 ரூபாய் 75 பைசா என்றது. புதியது 78,104 ரூபாய் என்று வங்கி சொன்னதையே சொன்னது. பஞ்சு நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் முகத்தில் அவ்வளவு சந்தோஷத்தை ருக்கு அவர்கள் கல்யாணத்திலும் பார்த்ததில்லை.

"கால்குலேட்டர் கம்பெனியையே வாங்கிட்டான்! பேங்குக்காரன் கம்பெனியையே கைக்குள்ள போட்டுண்டு, திருட்டை உள்ளயே வெச்சு அனுப்பறான்!"

மாதவ் போனிலேயே பல்லைக் கடித்தான். "அப்பா, நான் எக்ஸெல்லயும் போட்டுப் பார்த்துட்டேன். எழுபத்தெட்டாயிரத்து நூத்தி நாலுதான். நெட்ல எங்க போட்டாலும் அதான் வருது."

"வரும். எல்லாம் ஒரே கும்பல்."

கம்பெனிக்கு ஆங்கிலத்தில் இரண்டு பக்கப் புகார் சொல்லச் சொல்ல ஸ்மிதா டைப் அடித்து அனுப்பினாள். இரண்டே நாளில் மரியாதையாகப் பதில் வந்தது. பழைய மெஷினின் செட்டிங்கைச் சரிபார்க்கவும், கையேட்டில் தவணைக் கணக்குப் பகுதியைப் படிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். பஞ்சு கொதித்தார். "பதினோரு வருஷம் ஆபீஸ், அப்புறம் இருபத்தாறு வருஷம் ஆத்துல இதோட குடித்தனம் பண்ணவனைப் பார்த்து, மானுவலைப் படின்னு சொல்றான்!" அந்தப் பதிலையும் நோட்டில் ஒட்டி, கீழே 'குற்றம் ஒப்புக்கொள்ளப்பட்டது' என்று எழுதினார்.

டோக்கனுக்குத் திங்கட்கிழமை கெடு. வெள்ளிக்கிழமை சரஸ்வதி பூஜை. மாதவும் ஸ்மிதாவும் முந்தின நாளே மாட்டுங்கா வந்துவிட்டார்கள். ஸ்மிதா டெபாசிட்டை உடைக்கும் பாரத்தை நிரப்பிக் கொண்டுவந்திருந்தாள், கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் குறிகூடப் போட்டிருந்தாள்.

"அப்பா, மண்டே தாண்டினா ரெண்டு லாக்கும் போச்சு. பில்டர் ஏக் பைசா திருப்பித் தர மாட்டான்" என்றாள்.

"ரெண்டு லட்சம் ஒரு தடவைதான் போகும். இது இருபது வருஷம் மாசாமாசம் ஐந்நூத்தி நாப்பத்தொன்பது ரூபா."

"அப்பா, அம்மா முட்டியைப் பாருங்கோப்பா" என்றான் மாதவ்.

"பூஜை முடியட்டும். நாளன்னிக்கு கார்த்தால எல்லார் எதிரயும் போட்டுக் காட்டறேன். அதுக்கப்புறமும் திருடன்கிட்டதான் போவேன்னா, என் பணம் இல்லாம போங்கோ."

வெள்ளிக்கிழமை காலை, பஞ்சு குளிக்கப் போயிருந்தபோது, ருக்கு பூஜைச் சாமான்களை எடுத்து வைத்தாள். போன மாதம்தான் அவளுக்குக் கண்புரை ஆபரேஷன் ஆகியிருந்தது. இத்தனை நாள் தெரியாத அழுக்கெல்லாம் இப்போது தெரிந்தது. ஒரு வாரமாகச் சுவர், சுவிட்ச், மிக்ஸி என்று துடைத்துக்கொண்டிருந்தாள். பலகைமேல் புதிய கால்குலேட்டர் பளபளவென்று இருக்க, அதன் பக்கத்தில் பழையது சந்தனமும் குங்குமமும் அப்பிக் கிடந்ததைப் பார்த்து அவளுக்கே கூச்சமாகிவிட்டது. முந்தானை நுனியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெயைத் தொட்டுப் பதமாகத் தேய்த்தாள். இருபத்தாறு வருஷத்துப் பொட்டு பொருக்குப் பொருக்காகப் பெயர்ந்து வந்தது. அதைத் தோலுறைக்குள் போட்டு உறையின்மேல் புதுப் பொட்டு வைத்தாள். பஞ்சு வந்து பார்த்தபோது உறைதான் தெரிந்தது. பூஜையில் வைத்ததை மறுநாள்வரை தொடக் கூடாது என்பதால் அன்றைக்கு முழுக்க மாட்டுங்காவில் எந்த வங்கியும் திருடவில்லை.

விஜயதசமி காலை புனர்பூஜை ஆயிற்று. பூஜையில் வைத்ததை எடுத்துக் கொஞ்சமாவது படிக்க வேண்டும் என்பது முறை. பஞ்சு படிப்பதற்குப் பதில் கணக்குப் போடுவார். மாதவும் ஸ்மிதாவும் எதிரே சோபாவில் உட்கார்ந்தார்கள். ருக்கு தரையில் உட்கார முடியாமல் அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தாள். பஞ்சு தொண்டையைச் செருமிக்கொண்டு, உறையிலிருந்து பழைய கால்குலேட்டரை எடுத்து ஆன் செய்தார்.

திரையின் அடியில், இத்தனை வருஷம் பொட்டு இருந்த இடத்தில், பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு சொல் நின்றது. பிகின்.

"அது என்னன்னா, கீழ சின்னதா? புதுசுல இல்லையே" என்றாள் ருக்கு மெல்ல. சும்மாதான் கேட்டாள்.

பஞ்சு கட்டை விரலை அதன்மேல் வைத்தார். முதல் நாள் ஃபோர்ட் ஆபீஸில் மேலதிகாரி சொன்னது அப்படியே காதில் வந்து விழுந்தது. தவணையை மாத ஆரம்பத்தில் வாங்குகிறோமா, மாதம் முடிந்து வாங்குகிறோமா என்று இந்த மெஷினுக்குச் சொல்லி வைக்க வேண்டும். ஆரம்பம் என்று சொன்னால் அடியில் பிகின் என்று காட்டும், முடிந்து என்றால் ஒன்றும் காட்டாது. லீசிங்கில் மெஷின் இறங்கிய அன்றே தவணை, அதனால் ஆரம்பம். வங்கிக் கடனிலோ பணம் வாங்கி ஒரு மாதம் ஓடிய பிறகுதான் முதல் தவணை. ஒரு மாதம் முந்திக் கட்டுகிறவனுக்குத் தவணை கொஞ்சம் குறையும், அவ்வளவுதான் விஷயம். இருபத்தாறு வருஷமாக இந்தியாவின் வங்கிகள் திருடி வந்ததெல்லாம் அந்த ஒரு மாத வட்டிதான்.

எட்டின் கீழே நீல எழுத்தில் எண்ட் என்று போட்டிருந்தது. நீலப் பட்டனை ஒரு தடவை, எட்டை ஒரு தடவை அழுத்தினார். சொல் மறைந்தது. தொண்ணூறு லட்சம், எட்டரை, இருபது வருஷம் என்று போட்டார். 78,104 என்று வந்தது. திரையை யாருக்கும் தெரியாமல் மார்போடு சாய்த்துக்கொண்டார்.

"என்னப்பா வந்தது?" என்றான் மாதவ்.

வேறு யாராவதாக இருந்தால் அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருப்பார்கள், இல்லை அழுதிருப்பார்கள். பஞ்சு சாய்ந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"போகட்டும். பேங்குக்காரன் சொல்றதையே நான் ஏத்துக்கறேன். மாசம் ஐந்நூத்தி நாப்பத்தொன்பது ரூபா. குழந்தைகளுக்காக விட்டுக்கொடுக்கறேன்."

ஸ்மிதாவுக்குக் கண் கலங்கிவிட்டது. அங்கேயே நமஸ்காரம் பண்ணினாள். அதையும் பஞ்சு கையை உயர்த்தி ஆசீர்வாதத்தோடு வாங்கிக்கொண்டார். பென்சில் குறி இருந்த இடத்தில் கையெழுத்துப் போட்டார். மாதவ் அவர் மனசு மாறிவிடுமோ என்ற பயத்தில் காப்பியைக்கூடப் பாதியில் வைத்துவிட்டு, பாரத்தை எடுத்துக்கொண்டு பெண்டாட்டியோடு படியிறங்கி ஓடினான்.

கதவைச் சாத்திவிட்டு ருக்கு உள்ளே போனாள். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. திரும்பி வந்து, மடிப்பு விட்டுப் போன ஒரு கடிதத்தை மேஜையில் வைத்துக் கையால் நீவினாள். கூறைப்புடவையின் பாச்சை உருண்டை வாசனை அதில் இருந்தது.

"இதையும் ஒரு தடவை போட்டுடுங்கோ" என்றாள்.

"இது எதுக்குடி இப்போ? பழைய கதை."

"போடுங்கோ. அந்தச் சொல் இல்லாம போடுங்கோ."

பஞ்சு அவளை நிமிர்ந்து பார்த்தார். புதுக் கண்ணால் அவள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐந்து லட்சம், பதினைந்து, பதினைந்து வருஷம். மெதுவாக, ஒவ்வொரு பட்டனாக அழுத்தினார். திரை ஒரு நொடி இருண்டு, எண் வந்தது. 6,997.94. கடிதத்தில் இருந்ததும் அதுதான், பைசா மாறவில்லை.

கீழே பூக்காரியின் குரல் கேட்டது. பஞ்சு தன் ஆயுளில் முதல் தடவையாக, கேட்டும் கேட்காத குரலில் சொன்னார்.

"அவன் திருடலை, ருக்கு."

"தெரியும்."

"தெரியுமா? எப்போலேர்ந்து?"

"நாலு பேங்கும் அதே நம்பரைச் சொன்னானே, அன்னிக்கே."

"பின்னே ஏன்டி சொல்லலை?"

"மெஷினைத்தான் கேட்டேள். என்னைக் கேட்டேளா?"

கடிதத்தை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அங்கேயே விட்டுவிட்டு, மேஜையைப் பிடித்துக்கொண்டு எழுந்து, மூலையில் கட்டி வைத்திருந்த துணி மூட்டையை எடுத்து அவர் மடியில் வைத்தாள்.

"இஸ்திரிக்கு. இன்னிக்கு நீங்களே கொண்டுபோய்க் குடுங்கோ. இசக்கிப்பாண்டிகிட்ட உங்களுக்குப் பேச வேண்டியதும் இருக்கு."

பஞ்சு தினம் ஒரு தடவை இறங்கி ஏறுகிறவர்தான், ஆனால் வெறுங்கையோடு, பேப்பரை மட்டும் அக்குளில் வைத்துக்கொண்டு. மூட்டையோடு இறங்கியபோது முதல் வளைவிலேயே மூச்சு வாங்கியது. நின்று சுவரில் கையை ஊன்றப் போனார். அந்த இடத்தில் சுண்ணாம்பு தேய்ந்து, எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கறுத்து, ஒரு சின்னக் கை அளவுக்குத் தடம் விழுந்திருந்தது. ருக்குவின் தோள் உயரத்தில் இருந்தது. அடுத்த வளைவிலும் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வளைவிலும் இருந்திருக்கிறது, அவர் பார்த்ததில்லை. அவருக்கு வெட்கமாக இருந்தது. வெட்கம் பழக்கமில்லாததால் நெஞ்சு வலி என்று நினைத்துக் கொஞ்சம் பயந்தும் போனார்.

கீழே இசக்கிப்பாண்டி அவரைப் பார்த்ததும் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஓடி வந்து மூட்டையை வாங்கிக்கொண்டான்.

"சார் எதுக்குச் சுமந்துட்டு வாறிய? கொரலு குடுத்தா நான் மேல வரமாட்டேனா?"

பஞ்சு அவன் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கிருந்து ஆரம்பிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

"இசக்கி," என்றார், "அந்த டாக்ஸி..."